கடைசிக் குழாய்

இல்லம்மா, இல்லம்மா, நான் விக்கிற ஆளு இல்ல. மெஷினு, ஃபில்டரு, மாத்திரை, எதுவும் விக்கல. பையைப் பாக்கணுமா? இந்தா, தலைகீழாவே கவுத்துக் காட்டிடறேன். ரெண்டு கண்ணாடிக் குப்பி, ஒரு சொட்டு மருந்து, ஒரு பேனா, மத்தியானம் திறக்காமலே வச்சிருக்கற சாப்பாட்டு டப்பா. அவ்வளவுதான் என் சொத்து. கதவைத் திறங்கன்னு நான் கேக்கவே இல்லையே. சங்கிலி மாட்டினபடியே இருக்கட்டும். அந்த நாலு விரல் இடுக்கு எனக்குப் போதும். உங்க காது மட்டும் இங்க இருக்கட்டும்.

அடையாள அட்டையா? இருக்கும்மா. ஆபீஸ்ல இருக்கு. காலையில கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன்னு கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஆமா, அதெப்படி நம்புவீங்க, நியாயந்தான். நானே உங்க இடத்துல இருந்தா இந்நேரம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருப்பேன். போலீஸைக் கூப்பிடுவீங்களா? கூப்பிடுங்கம்மா. தயவு செஞ்சு கூப்பிடுங்க. நான் மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன், தண்ணி விஷயத்துக்கெல்லாம் தண்ணி ஆபீஸைக் கேளுங்கன்னு வச்சிடறாங்க. வாசல்ல ஒருத்தன் நின்னு தகராறு பண்றான்னு நீங்க சொன்னா ஒருவேளை வருவாங்க. நான் இங்கயேதான் நிப்பேன், ஓட மாட்டேன். என் வயசுக்கும் முட்டி வலிக்கும் ஓடினாலும் பிடிச்சிடுவாங்க.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. இந்தக் குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க. பிடிச்சு வச்சதைக் கொட்டிடுங்க. அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இந்தத் தெருவுல ஒவ்வொரு கதவாத் தட்டிட்டு வர்றேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல்லேருந்து கையை ஆட்டிப் போ போன்னுட்டாரு. அதுக்கு அடுத்த வீட்ல நாயை விட்டுடுவேன்னாங்க. நாய் இல்லைன்னு எனக்குத் தெரியும், அதைச் சொல்லி வாதாடத் தெம்பு இல்லாம நகர்ந்துட்டேன். மூணு வீடு பூட்டிக் கிடக்கு. அந்த மூணு வீடும் ஏன் பூட்டிக் கிடக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

ஊருக்குப் போகலம்மா. ஆஸ்பத்திரியில இருக்காங்க.

ஓ, அப்படியா. போன வீட்ல இருக்கும்போது ஒருத்தன் வந்து ஏமாத்திட்டானா? இதே மாதிரி சொட்டு மருந்தா? உங்க தண்ணியில ரெண்டு சொட்டு விட்டு, மஞ்சள் ஆச்சு பாருங்க, இது விஷம்னு சொன்னானா? சரிதான். தெரியும்மா அந்தக் கூட்டத்தை. நல்லா கேட்டுக்கங்க, அவன் உங்களுக்கு உண்மையைத் தலைகீழாக் காட்டியிருக்கான். மஞ்சள் ஆச்சுன்னா நல்லது. தண்ணியில குளோரின் இருக்கு, கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தம். எங்க ஆபீஸ்ல மஞ்சளைப் பாத்தாத்தான் நாங்க மூச்சே விடுவோம். அந்தப் படுபாவி நல்ல தண்ணியைக் காட்டி விஷம்னு பயமுறுத்தி மெஷினை வித்துட்டுப் போயிட்டான். இப்ப நான் வந்து உங்க தண்ணி மஞ்சளே ஆகலைன்னு கதறினா, உங்களுக்கு அது நல்ல சேதியாக் கேக்குது. சூடு கண்ட பூனையைக் குத்தம் சொல்ல முடியுமா?

பாருங்க, இந்தக் குப்பியில இருக்கறது பம்பு ஹவுஸ்ல பிடிச்சது. ரெண்டு சொட்டு. ஆச்சா, மஞ்சள். இது உங்க வாசல் குழாய்ல காலையில ஆறரைக்குப் பிடிச்சது. ஆமா, குழாய்கிட்ட குனிஞ்சு நின்னது நான்தான், திருடன் இல்ல. ரெண்டு சொட்டு. பாருங்க. இன்னும் ரெண்டு விடுறேன். பாத்துக்கிட்டே இருங்க. பச்சைத் தண்ணியாட்டம் அப்படியே இருக்கு. பம்பு ஹவுஸ்ல போட்ட மருந்து உங்க வீடு வந்து சேரலை. வழியில எங்கயோ அழுக்கோட சண்டை போட்டுச் செத்துப் போச்சு. எந்த அழுக்குன்னு கேளுங்க. தெருமுனையில பத்து நாளைக்கு முன்னாடி கேபிளுக்குப் பள்ளம் தோண்டினாங்களே, பாத்திருப்பீங்களே. அப்ப கடப்பாரை எங்க தண்ணிக் குழாய் மேல பட்டிருக்கு, பக்கத்துல ஓடுற சாக்கடைக் குழாய் மேலயும் பட்டிருக்கு. எங்க ஆபீஸுக்குச் சொல்லாம ஒரு டியூப் ரப்பரைச் சுத்திட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிட்டாங்க. தண்ணிக்காரன் பாத்துக்குவான்னு நினைச்சிருப்பாங்க.

நில்லுங்க, நில்லுங்க, உள்ள யாரு சொம்புல மொள்ளுறது? யாரும்மா அது, மாமனாரா? ஐயா! பெரியவரே! குடிக்காதீங்கய்யா! வாயில வைக்காதீங்க! அம்மா, ஓடிப்போய் வாங்குங்கம்மா கையிலேருந்து!

வாங்கிட்டீங்களா? குடிக்கலையே? அப்பாடா. இல்லம்மா, கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க. மாத்திரை போடணும்னா, இதோ படிக்கட்டுல ஒரு கேன் வச்சிருக்கேன் பாருங்க, சைக்கிள்ல கட்டிக்கிட்டு வந்தது. அதுலேருந்து கொடுங்க. நான் கொடுக்கறதை எப்படிக் குடிக்கறதுன்னு யோசிக்கறீங்க, தெரியுது. நான் ஏழு அடி தள்ளி நிக்கிறேன். நீங்களே எடுத்து மூடியைப் பாருங்க, சீல் உடையாம இருக்கா? கம்பெனி பேரு போட்டிருக்கா? அப்ப சரி. என்னை நம்ப வேணாம், அந்த மூடியை நம்புங்க.

சிரிப்பு வருதும்மா எனக்கு. அழுகை வர்ற இடத்துல சிரிப்பு வருது. அந்த மூடியைப் போட்டவன் யாரு, எவனோ ஒருத்தன், ராத்திரி தூங்கினானா இல்லையா, கையைக் கழுவினானா இல்லையா, உங்களுக்குத் தெரியுமா? அவன் மூஞ்சி தெரியாததாலதான் நம்புறீங்க. என் மூஞ்சி தெரியுது, சட்டையில அழுக்கு தெரியுது, ரெண்டு நாள் தாடி தெரியுது. அதான் நம்ப முடியல. சலூன்ல போய் உக்காந்து கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கறோம். கத்தி வச்சிருக்கறவனுக்கு அன்னிக்கு வீட்ல சண்டையான்னு யாராவது கேக்கறோமா? பஸ்ல ஏறினதும் தூங்கிடறோம். உங்க மாமனார் மாத்திரையை அட்டையிலேருந்து பிதுக்கி வாயில போட்டுக்கறாரு. உள்ள இருக்கறது மாவா மருந்தான்னு நக்கிப் பாத்தா போடறாரு? இப்படி ஆயிரம் பேரு ஒழுங்கா வேலை பாத்தாத்தான் நமக்கு ஒரு நாளு ஒழுங்காப் போகுது. ஆயிரத்துல ஒருத்தன் கொஞ்சம் சோம்பல் பட்டான்னு வைங்க... விடுங்க. நான் பேசிக்கிட்டே போறேன். மணி என்ன? அஞ்சு ஆகப் போகுதா?

அம்மா, அந்தத் தெருமுனையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. ஒரு ஆள் நிக்கிறாரா, ஆளுயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோள்ல சாத்திக்கிட்டு? அவர்தான் வால்வுக்காரர். அஞ்சரைக்கு இந்தத் தெருவுக்குத் தண்ணி திறந்து விடுவாரு. அவர் திறந்தா இருபத்தேழு வீட்டுக் குழாய்லயும் இது வரும். அவர்கிட்ட நான் கெஞ்சிட்டுத்தான் இங்க வந்தேன். இருபது வருஷம் ஆகப் போகுது ஒண்ணா வேலை பாக்க ஆரம்பிச்சு, என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதின மனுஷன். உன்னை நம்புறேன்டா, ஆனா எழுதின தாள் இல்லாம மூடி வைக்க மாட்டேன்றாரு. ஒரு தடவை யாரோ போன்ல சொன்னாங்கன்னு மூடிட்டாரு. அன்னிக்குன்னு பாத்து ஒரு குடோன் தீப்பிடிச்சு, ஃபயர் என்ஜின்காரங்க குழாயைத் திறந்தா காத்து வந்துச்சாம். அதுலேருந்து மனுஷன் தலைகீழா நின்னாலும் தாள் கேப்பாரு. அவரைத் தப்புச் சொல்ல எனக்கு மனசு வரல.

அந்தத் தாள் உங்ககிட்டத்தான் இருக்கும்மா. அதாவது, நீங்கதான் எழுத முடியும்.

ஏன் உங்க வீடா? சொல்றேன். கோவப்படாதீங்க, சொல்லிட்டுத்தான் எழுதச் சொல்லுவேன். இந்த லைன் பம்பு ஹவுஸ்லேருந்து கிளம்பி, நாலு கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு வந்து, உங்க வாசல் குழாயோட முடிஞ்சிடுது. நாங்க இதைக் கடைசிக் குழாய்னு சொல்லுவோம். கடைசிக் குழாய்ல குளோரின் இருந்தா, நடுவுல இருக்கற அத்தனை வீட்லயும் இருக்குன்னு அர்த்தம். அதனால தினம் ஒரு ஆள் இங்க வரணும். ஒரு பாட்டில் பிடிக்கணும், சொட்டு விட்டுப் பாக்கணும், ஒரு தாள்ல எழுதணும். தாள்ல மூணு கையெழுத்து. பாட்டில் பிடிச்சவர் ஒண்ணு, வீட்டுக்காரங்க ஒண்ணு, ஆபீஸ்ல அதிகாரி ஒண்ணு. பாட்டில்காரன்னே அந்த ஆளுக்குப் பேரு.

பாத்ததே இல்லையா நீங்க? எப்ப குடிவந்தீங்க? பதினோரு நாளு. ம். பாத்திருக்க மாட்டீங்க. அந்த ஆளு இங்க வந்து பதினாறு நாள் ஆச்சும்மா.

இல்ல, அவன் கெட்டவன் இல்ல. பத்தொன்பது வருஷம் மழையானாலும் வெயிலானாலும் வந்தவன்தான். ஒரு நாள் வண்டி பஞ்சர், மழை வேற. எதுக்கு அவ்வளவு தூரம், பம்பு ஹவுஸ் குழாய்லயே ஒரு பாட்டில் பிடிச்சு, கடைசிக் குழாய்னு எழுதிட்டான். மஞ்சளாத்தான் இருந்துச்சு, அங்க எப்பவும் மஞ்சள்தானே. மறுநாளும் வண்டி மெக்கானிக்கிட்டயே நின்னுச்சு. மறுபடி அங்கயே பிடிச்சான். மூணாம் நாளு வண்டி வந்துடுச்சு. அதான் எனக்கு... அதான் அவனுக்கு இப்ப தாங்கல. மூணாம் நாள் ஒரு சாக்கும் இல்ல. வண்டி ஜம்முனு வாசல்ல நின்னுச்சு. ஆனாலும் அவன் வரல. பத்தொன்பது வருஷத்துல ஒரு நாளாவது அந்தக் குழாய்ல தப்பா வந்திருக்கா? வரலையே. அதுவும் ஒரு நம்பிக்கைதானே? தண்ணி மேல நம்பிக்கை, பம்பு ஓட்டுறவன் மேல நம்பிக்கை. அவனவன் ஒழுங்காத்தான் செய்வான், நம்ம ஒருத்தன் போகாததால என்ன குடி முழுகிடும்னு நினைச்சான்.

வீட்டுக்காரங்க கையெழுத்தா? நல்லா கேட்டீங்க. இதைத்தான் அந்த அதிகாரி கேட்டிருக்கணும். உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா இருந்தாங்க. தங்கமான மனுஷி. தினம் காலங்காத்தால ஒரு கையெழுத்துக்காக ஏன்ப்பா காத்துக்கிட்டு நிக்கிறேன்னு, ஒரு வாரத்துத் தாளை மொத்தமாப் போட்டுக் கொடுத்துடுவாங்க. வீட்டைக் காலி பண்ணும்போது, புதுசா வர்றவங்க எப்படியோ என்னவோன்னு, ஒரு மாசத்துக் கட்டு பூராவும் போட்டுக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. உதவின்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க. இப்ப அந்தம்மா மக வீட்ல, வேற ஊர்ல இருக்காங்க. அவங்க கையெழுத்து மட்டும் தினம் இந்த வாசல்ல நின்னு சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கு.

உங்க போன்ல என்னம்மா காட்டுறீங்க? தெரு குரூப்பா? தெரியும், படிச்சேன். குடிநீர் பாதுகாப்பாக உள்ளது, வதந்திகளை நம்ப வேண்டாம். மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டாங்க. அந்த வதந்தி நான்தான். அதை எதை வச்சுப் போட்டாங்க தெரியுமா? அந்தப் பதினாறு தாளை வச்சுத்தான். அதிகாரி மேஜை மேல வரிசையா அடுக்கி வச்சிருக்காரு. பதினாறுலயும் நல்ல தண்ணின்னு இருக்கு, பதினாறுலயும் மூணு கையெழுத்து இருக்கு. நீ ஒரு நாள் டெஸ்ட் பண்ணிட்டு ஊரைக் கூட்டுறியான்றாரு. சொட்டு மருந்து காலாவதி ஆகியிருக்கும்ன்றாரு. பெரிய லேபுக்கு அனுப்புறேன், மூணு நாள்ல வரும், அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருன்றாரு. மூணு நாள்! மூணு நாளைக்கு இருபத்தேழு வீடும் என்னத்தைக் குடிக்கும்?

இல்லம்மா, அந்தப் பாட்டில்காரனே சொல்லிட்டான். அதைத்தான் உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவனே போய் அதிகாரி முன்னாடி நின்னு, ஐயா, பதினாறு நாளும் நான் போகலை, எல்லாம் பொய்த் தாளுன்னு சொல்லிட்டான். கால்ல விழாத குறை. அவரு என்ன பண்ணினாரு தெரியுமா? எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாரு. தோள்ல கை போட்டாரு. உனக்கு உடம்பு சரியில்ல, வேலை அதிகம், ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ, பத்தொன்பது வருஷ சர்வீஸைக் கெடுத்துக்காதே, நாங்கெல்லாம் உன்னை விட்டுக் கொடுக்க மாட்டோம்னாரு. மத்தவங்களும் வந்து டீ வாங்கிக் கொடுத்து முதுகைத் தட்டினாங்க. அவ்வளவு பாசம். அவர் கையெழுத்தும் பதினாறுலயும் இருக்குல்ல. வேலியே பயிரை மேஞ்ச கதைதான், ஆனா இங்க வேலி ரொம்ப ஒத்துமையா நிக்குதும்மா.

எப்படிக் கண்டுபிடிச்சானா? நேத்து சாயங்காலம் அவன் மச்சினிக்குப் பிரசவம்னு ஆஸ்பத்திரிக்குப் போனான். குழந்தையைப் பாத்துட்டு வெளிய வர்ற வழி தெரியாம வேற வார்டுக்குள்ள போயிட்டான். அங்க ஒரு பையன் சுருண்டு கிடக்கான். கட்டில் கால்ல அட்டை தொங்குது. அட்டையில இந்தத் தெருப் பேரு. சரி, எங்கயோ பாத்த தெருன்னு நகர்ந்தா, அடுத்த கட்டில்லயும் இதே தெரு. அதுக்கடுத்ததுலயும். தினம் கையால எழுதி எழுதிப் பழகின பேரும்மா அது, நாலு கட்டில்ல வரிசையா. அங்கேயே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டானாம். ஒரு நர்ஸ் வந்து, உங்களுக்கும் வயித்துப்போக்கான்னு கேட்டுச்சாம்.

அதான் இன்னிக்குக் காலையில நான் வந்தேன். அவன் லீவுல இருக்கான், அவனுக்குப் பதிலா நான்.

என்னம்மா, ஏன் உள்ள திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? என்ன ஆச்சு?

பாப்பாவுக்கா? எப்பலேருந்து? முந்தாநாள் ராத்திரிலேருந்தா. எத்தனை தடவை போச்சு? எண்ணலையா. சரி, சரி, அழாதீங்க. பல்லு முளைக்கறதுக்குன்னு நினைச்சீங்களா? யாரும் அப்படித்தான் நினைப்பாங்க. வயசு என்ன? ஒண்ணரை. கடவுளே. ஒண்ணரை.

இருங்க. இருங்க, எனக்கும் கொஞ்சம்... ம். கேளுங்க. கண்ணு உள்ள போயிருக்கா? அழுதா கண்ணீர் வருதா? வருதா, அது நல்லது. ஒண்ணுக்குப் போனாளா? எப்ப? காலையிலேருந்து போகலையா. அப்ப வீட்ல வச்சுப் பாக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். உங்க வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க, வண்டியோட வரச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிஷமா? சரி, அதுவரைக்கும் சும்மா இருக்கக் கூடாது. அந்தக் கேன் தண்ணியில ஒரு லிட்டர் எடுத்துக்கங்க. டீ ஸ்பூனால ஆறு ஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி. உப்பு அரை ஸ்பூன், அதுக்கு மேல வேணாம். கலக்கி, ஒரு ஸ்பூன், கொஞ்சம் விட்டு இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்க. பால் பாட்டிலை இந்தத் தண்ணியில கழுவாதீங்க. கொதிக்க வச்சுத்தான் கொடுத்தேன்றீங்க, சரி, பாட்டிலை எதுல கழுவினீங்க? பாத்தீங்களா. உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஒரு மண்ணளவு தப்பு இல்ல. நீங்க குழாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான். குழாயைத் திறக்கறது ஒரு தப்பா?

போய்க் கலக்கி மாமனார்கிட்ட கொடுத்து ஊட்டச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்.

வந்துட்டீங்களா? குடிக்கிறாளா? துப்பாம குடிக்கிறாளா? நல்ல பொண்ணு. நல்ல பொண்ணு.

இப்ப ரெண்டே நிமிஷம் எனக்குக் கொடுங்க. மணி அஞ்சு பதினஞ்சு. பக்கத்து வீட்ல யாராவது புகார் எழுதிக் கொடுத்தாலும் போதாதும்மா, தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குன்னு தாளைக் காட்டி ஒதுக்கிடுவாங்க. ஆனா கடைசிக் குழாய் வீட்டுக்காரங்க, எங்க வீட்ல யாரும் வந்து தண்ணி பிடிக்கலைன்னு எழுதிட்டா, அந்தத் தாளெல்லாம் அங்கயே விழுந்துடும். அப்படி ஒரு எழுத்து கைக்கு வந்தா, மறு டெஸ்ட் வர்ற வரைக்கும் வால்வுக்காரரே வால்வை மூடி வைக்கலாம், எந்த அதிகாரியையும் கேக்க வேணாம். ரூல்ல இருக்கு. அந்த ரூலை நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், பாக்குறீங்களா? வேணாமா. நம்புறீங்களா? ரொம்ப நன்றிம்மா. ரொம்ப நன்றி.

பேனா இருக்கா? இந்தாங்க, இடுக்கு வழியா வாங்கிக்கங்க. பால் கணக்கு நோட்டுலேருந்து ஒரு பக்கம் கிழிச்சா கூடப் போதும். பெறுநர், பொருள் எல்லாம் வேணாம். எழுதுங்க. நாங்கள் இந்த வீட்டிற்குக் குடிவந்து பதினோரு நாட்கள் ஆகின்றன. எழுதிட்டீங்களா? இன்று காலை தவிர, இந்த நாட்களில் எங்கள் வாசல் குழாயில் தண்ணீர் பரிசோதிக்க யாரும் வரவில்லை. நாங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. பிழை இருந்தா பரவால்லம்மா, வால்வுக்காரருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். எங்கள் குழந்தைக்கு இரண்டு நாட்களாக... ஆமா, அதையும் எழுதுங்க. மெதுவா. மெதுவாவே எழுதுங்க. எனக்குத் தண்ணிச் சாவியைத்தான் பாக்கப் பயமா இருக்கு. இன்னும் தோள்லதான் இருக்கு. எழுதுங்க. உடனே தண்ணீரை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். பரிசோதனை செய்யாமல் பொய்யாக எழுதிய ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இல்ல, அதை விடக் கூடாதும்மா. இரக்கப்படாதீங்க. பாவம், குடும்பஸ்தனா இருப்பான்னு யோசிக்காதீங்க. ஆமா, இருக்கான், ரெண்டு பிள்ளைங்க. வேலை போகும். கோர்ட்டுக்குப் போகும். போகட்டும். நீங்க எழுதுங்க. அந்த வரி இல்லைன்னா அதிகாரி இதையும் ஒரு லீவு கொடுத்து மூடிடுவாரு.

பேரு தெரிய வேணாம், கடைசிக் குழாய் பரிசோதகர்னு எழுதுங்க, அது ஒரே ஆள்தான். கீழ உங்க கையெழுத்து, வீட்டு நம்பர் இருபத்தேழு, தேதி. அவ்வளவுதான். முடிஞ்சுது. இடுக்கு வழியாக் கொடுங்க, நான் ஓடிடறேன்.

என்னது? சாட்சியா? கீழ சாட்சின்னு ஒரு கையெழுத்து நான் போட்டா பலமா இருக்குமா? சரியாத்தான் சொல்றீங்க, படிச்சவங்க. ஆனா நான் போட முடியாதும்மா. இல்ல, பயம் இல்ல. யார் மேல புகாரோ அந்த ஆளே சாட்சிக் கையெழுத்துப் போட்டா தாள் செல்லாது.

ஆமாம்மா.

லீவுல யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்.

முதல்லயே சொல்லியிருந்தா இந்த இடுக்கு கூட இருந்திருக்காது, அதான். திட்டுங்க. இல்ல, அடிங்க, இங்கயே வந்து நிக்கிறேன், அப்புறமா. ஐயோ, கசக்காதீங்க, கசக்காதீங்கம்மா, அதுல எழுதியிருக்கறது அத்தனையும் உண்மை. சாவியை இறக்கிட்டாரு அங்க. கதவைச் சாத்திக்கங்க, என் மூஞ்சியைப் பாக்க வேணாம். தாளை மட்டும் அடியில தள்ளி விடுங்க.